ஒரு சொட்டு கியர் ஆயில்

நேற்று நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம். காருக்கு அடியில் தினமும் இது வருகிறது, என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். ஒருத்தி ஏசித் தண்ணீர் என்றாள். ஒருத்தி பூனை என்றாள். கண்ணாடி போடாமல் பார்த்த இன்னொருத்தி, "தோசை நல்லா முறுகலா வந்திருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. விடை தெரியாத கேள்விக்கெல்லாம் முதலில் கை தூக்கிப் பழகியவள் நான் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விடை தெரிந்த கேள்வி ஒன்று வந்ததும் கை மரத்துப்போய்விட்டது.

தோழிகளே, அது கியர் ஆயில். கியர் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு போகிறது. தண்டு பெட்டிக்குள் நுழைகிற வாயில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஆயில் சீல் என்பார்கள். தண்டு சுற்ற வேண்டும், ஆயில் வெளியே வரக்கூடாது. அதற்குத்தான் அந்த வளையம். தேய்ந்தால் சொட்டும். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த வளையத்தை நான் மோதிரமாகப் போட்டிருக்கிறேன்.

நாம் ஏழாம் வகுப்பில் இருந்த தை மாதம் அது. எங்கள் வீட்டையும் அதை ஒட்டியிருந்த பூட்டுப் பட்டறையையும் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வரும்போதெல்லாம் அப்பா ஆளுக்கொரு கழித்துப்போட்ட சாவி கொடுப்பார். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. அப்பாவுக்கு உலகமே பூட்டுதான். எனக்கு வயிறு வலித்தால், "உள்ள ஏதோ லீவர் சிக்கியிருக்கு, செத்த நேரத்துல விழுந்துரும்" என்பார். மழை பெய்யாவிட்டால், "மேல இருக்கறவன் சாவியத் தொலச்சுட்டான்" என்பார்.

அந்த வருடம்தான் கொடைரோட்டுப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய குட்டிக் காரை வாங்கினார். ஒரு காலத்தில் வெள்ளை. எங்களிடம் வந்தபோது காலையில் பிசைந்து சாயங்காலம் திறந்த தயிர்ச்சோற்றின் நிறம். உட்காரும் இடத்தில் காப்பிக்கொட்டை வாசம், அடியில் கியர் ஆயில் வாசம். கந்தகத்தையும் அழுகின பூண்டையும் சேர்த்து இடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அம்மா வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைக்கப் போனால், கார் அதற்கு முன்பே ஒரு புள்ளி வைத்திருக்கும். சில நாள் அம்மா அதையும் சேர்த்துக்கொண்டு கோலத்தை முடித்துவிடுவாள். பிறகு பொறுமை போய், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து அடியில் தள்ளினாள்.

"அது போடுற வெஞ்சனத்த இதுலயே போடட்டும்."

அந்தத் தைக்கு முந்தின தீபாவளிக்குக் காரிலேயே அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில், தென்னந்தோப்புக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவர்கள் அப்போதுதான் வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அப்பா காரைக் கொண்டுபோய் நட்டநடுவில் நிறுத்தினார். சாப்பிட்டோம், பேசினோம், தேங்காய் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். கார் நகர்ந்ததும் அங்கே வட்டமாக ஒரு கறை. அத்தையின் மாமியார் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

சொல்லாமல் வைத்திருந்ததை அப்புறம் ஊருக்கே சொல்லியிருக்கிறார். கார்த்திகைக்கு அத்தை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. நான் அடுக்களையில் முறுக்கு டப்பாவுக்குக் காவல் இருந்தேன். பாதி டப்பாவை வயிற்றுக்குள் பத்திரப்படுத்தியும் இருந்தேன். அத்தை அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னது.

"யார் வந்தாலும் கூட்டிட்டுப் போயிக் காட்டுது மதினி. 'இது எங்க சம்மந்தி ஊட்டுச் சீருங்க, தீவாளிக்குக் கொண்டாந்து வெச்சுட்டுப் போனாங்க'ன்னு. தேங்கா ஏவாரிக்குங் காட்டியாச்சு, பால்காரருக்குங் காட்டியாச்சு. நானும் சோடா உப்பு போட்டுத் தேச்சுப் பாத்தேன், மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சுப் பாத்தேன். தேய்க்கத் தேய்க்க நல்லா மினுங்குது."

அம்மா சிரிக்கவில்லை. அத்தை ஊருக்குப் போனபிறகு அப்பாவிடம் சொன்னாள்.

"சிரிச்சுக்கிட்டுத்தான சொல்லுச்சு?" என்றார் அப்பா.

"சிரிக்காம? அந்த வாசல்லயே ஒக்காந்து அழுகச் சொல்றீங்களா?"

அப்பா அரத்தைக் கீழே வைத்தார். பூட்டை ஒரு குலுக்குக் குலுக்கி, சத்தத்தை வைத்தே உள்ளே எது உடைந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். தங்கையின் சிரிப்பில் மட்டும் அவருக்கு ஒன்றும் கேட்காமல் போயிருந்தது.

தையில் அத்தை பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அப்பாதான் தாய்மாமன். சீர்த்தட்டுகளோடு போக வேண்டும். தேங்காய் லாரி ஓட்டி வந்தவர் வாயிலாக மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்: "சீரு கார்ல வருதுங்களா? அப்படின்னாச் சொல்லிப்போட்டு வரச் சொல்லுங்க. நாங்க தட்டு எடுத்து வெச்சுக்கறோம்."

"பஸ்ஸுலயே போயிருவோம்" என்றாள் அம்மா.

"பஸ்ஸுல போனா அந்தக் கறை அங்கனயே நிக்கும். கார்லதேன் போகணும். சொட்டாமப் போகணும்."

பட்டறைக்கு எதிர்ச்சாரியில்தான் மெக்கானிக் கடை. அப்பா போனபோது மெக்கானிக் பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் நம்மூரில் பாதிப் பேர் பழனிக்கு நடப்பார்கள், மீதிப் பேர் நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றப் போய்விடுவார்கள்.

"நாளைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம்ணே. பூசம் முடிச்சு வந்து மாத்தித் தாரேன்."

"ஞாயித்துக்கிழமை விசேசம்ப்பா."

"அப்ப பஸ்ஸுல போங்க. நீங்க மட்டும் கைய வச்சுராதீங்கண்ணே. பூட்டு வேற, இது வேற."

அப்பாவிடம் சொல்லக்கூடாதவை என்று இரண்டு உண்டு. ஒன்று, கையை வைக்காதே. இன்னொன்று, பூட்டு வேறு இது வேறு. மெக்கானிக் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் மாலை போட்டிருந்தார். கடையைச் சாத்துகிற அவசரத்தில் ஆயில் சீல் இரண்டை ஜோடியாகக் கட்டிக் கொடுத்துவிட்டு அவரும் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா காரைத் தூக்கிப் பட்டறையின் இரும்புக் கட்டைகள்மேல் நிறுத்தினார். அம்மாவின் குழம்புச் சட்டியில் கியர் ஆயிலை வடித்தார். அந்தச் சட்டி பிறகு அடுக்களைக்குத் திரும்பவே இல்லை. சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்துக்கொண்டிருந்ததையெல்லாம் கழற்றி, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் பழைய வேட்டியில் பரப்பினார். பூட்டுப் பிரிக்கிற பழக்கம். கடைசியில் கடப்பாரையால் நெம்பியதும் தண்டு 'டக்'கென்று விட்டுக்கொடுத்து வெளியே வந்தது. அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பிரசவ ஆஸ்பத்திரி வாசல்களில்தான் பின்னாளில் பார்த்தேன்.

"பாத்தியா தாயி? பூட்டுதேன். சாவி மாதிரி உள்ள போகுது, உள்ள போயி ஒரு கொக்கி விழுகுது. இதுக்குப் போயி வேற வேறங்கறான்."

பழைய ஆயில் சீலை நெம்பி எடுத்து என் பக்கம் எறிந்தார். புதியதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மறுபக்கம் பள்ளமாக, அதற்குள் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வளையமாகச் சுற்றி ஓடியது. எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே? பழையதை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது. 'டக்' சத்தத்தின் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அப்பா கண்ணை மூடி யோசித்தார். பிறகு அம்மாவுக்கும் எனக்கும் விளக்கினார்.

"பூட்டுல ஸ்பிரிங்கு எப்பவுமே சாவி வர்ற பக்கத்தப் பாத்துத்தேன் நிக்கும். இங்க சாவி எது? தண்டு. தண்டு எங்கிட்டிருந்து வருது? வெளியில இருந்து. அப்ப ஸ்பிரிங்கு வெளிய பாக்கணும். அம்புட்டுத்தேன்."

அதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. நான் கை தட்டினேன். என் கைதட்டலின் தரம் அப்போதே அப்படித்தான்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, நம்மூர் மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினோம். அப்பா தெருவில் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். சனிக்கிழமை விடிந்ததும் அம்மா கிண்ணத்தை இழுத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் ஊறுகாய் அளவு இருந்தது. இப்போது ரசம் அளவு இருந்தது.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாட்டிய சீலை வெளியே எடுத்தால் கிழிந்துவிடும். கையில் மிச்சம் ஒன்றுதான். கடைக்காரர் பழனி ரோட்டில் எங்கோ நடந்துகொண்டிருந்தார். விடிந்தால் விசேஷம்.

"பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வாரேன்" என்றார், எழுந்திருக்காமல்.

இந்த நேரம் பார்த்து நான் உள்ளேயிருந்து கத்தினேன். பழைய சீல் என்னிடம் இருந்ததல்லவா? காதுகுத்துக்கு மோதிரம் போட்டுக்கொண்டு போகலாம் என்று மூன்று விரல்களைச் சேர்த்து அதற்குள் நுழைத்திருந்தேன். போனது, வரவில்லை. விரல் நுனி மூன்றும் பிஞ்சுக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. அம்மா தலையில் அடித்துக்கொண்டு என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"ஏண்டி, ஊர்ல புள்ளைக தங்கத்துல கேக்கும், தகரத்துல கேக்கும். நீ எதுலடி போட்டிருக்க?"

சவுக்காரத்தைக் குழைத்துத் தேய்த்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். வளையத்தின் தட்டைப் பக்கத்தில் செம்மண்ணும் ரோட்டுப் புழுதியும் கெட்டியாக அப்பியிருந்தது. ஸ்பிரிங் இருந்த பள்ளத்தில் ஒரு மண்ணும் இல்லை. ஆயில்தான் பிசுபிசுத்தது. கையை உருவாமல் என்னையும் சேர்த்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"ஏங்க, பூட்டு எதுக்குப் போடுறோம்?"

"என்னத்தக் கேக்குற இப்ப?"

"சொல்லுங்க. சாவிக்காகவா போடுறோம்? திருடனுக்காகத்தான போடுறோம்?"

"ஆமா."

"இங்க திருடன் யாரு? ஆயிலு. அது எங்க இருக்கு? உள்ள. வெளிய ஓடப் பாக்குது. அப்பக் காவலு எங்கிட்டுப் பாத்து நிக்கணும்?" என் கையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தா பாருங்க. மண்ணு இந்தப் பக்கம், ஆயிலு அந்தப் பக்கம். ஸ்பிரிங்கு உள்ளதான் பாத்திருக்கு."

அப்பா என் கையை வாங்கிப் பார்த்தார். மூன்று விரல்களும் துடித்துக்கொண்டிருந்ததைப் பற்றி இருவருக்கும் ஒரு கவலையும் இல்லை. பட்டறையில் எந்த ஆசாரி திருத்தியிருந்தாலும் அப்பா வாதாடியிருப்பார். அம்மா பூட்டுப் பாஷையிலேயே மடக்கிவிட்டதால் வாதாட இடமில்லை.

"திருடன் வீட்டுக்குள்ளதேன் இருக்கான்" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "எந்திரிங்கடா" என்றார். அங்கே உட்கார்ந்திருந்தது அவர் மட்டும்தான்.

மறுபடி எல்லாம் கழன்றது. போன தடவை சீலைச் சுத்தியலால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று அடித்து இறக்கியதில் லேசாகக் கோணியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. இப்போது இருப்பது ஒன்றே ஒன்று, கோணக்கூடாது. சீலின் விளிம்பில் சுற்றிலும் ஒரே நேரத்தில் பதிகிற மாதிரி வட்டமாக ஏதாவது வேண்டும். அப்பா பட்டறை முழுக்கத் தேடினார். அம்மா உள்ளே போய், அரிசி அளக்கும் பித்தளை ஆழாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தாள். விளிம்புக்கு விளிம்பு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"செத்த இருங்க" என்று, சீலின் உள்வாயில் விரலால் எண்ணெய் தொட்டுத் தடவினாள். "காது குத்துறதுக்கு முன்னாடி எண்ண தடவ மாட்டாங்களா?"

அப்பா ஆழாக்கின் முதுகில் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் சீல் உள்ளே போயிற்று, ஆழாக்கின் அடிப்பாகமும் உள்ளே போயிற்று. அந்த ஆழாக்கு அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் முழு அளவு அளந்ததில்லை. நம் வகுப்பில் நான் மட்டும் ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஆழாக்கை மாற்றிவிட்டோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தண்டு உள்ளே போனது. கொக்கி விழுந்தது. 'டக்.' என் விரல்களும் சவுக்காரத்தின் புண்ணியத்தில் விடுதலையாயின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்தில் ஒன்றுமில்லை. அம்மா விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்தாள்.

பழனி ரோடு முழுக்கப் பச்சையும் காவியுமாக நடந்துகொண்டிருந்தது. மடியில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டு, தேங்காய் ஒன்று உருண்டு கழுத்தில் முட்ட, நான் பின்சீட்டில் மகாராணிபோல இருந்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் கால் கொப்புளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மெக்கானிக். கார் வருவதைப் பார்த்ததும் கொப்புளத்தை மறந்து ரோட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே. இந்த வண்டியிலயா வாரீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பச்சை வேட்டியோடும் மாலையோடும் மண்ணில் மல்லாந்து காருக்கடியில் போய்விட்டார். கூட நடந்தவர்கள் அவர் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து மோரோடு ஓடி வந்தார்கள். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"காஞ்சு கெடக்கு." விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம். "சீலு கோணாம எறங்கியிருக்கு. எந்த மெக்கானிக்குண்ணே?"

"ஆழாக்கு."

"எந்தூரு ஆளு அது?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா கியரைப் போட்டார். பாலசமுத்திரம் வரைக்கும் அவர் சும்மா சும்மா ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் அந்தக் கறை, ஊரே பார்த்துப் பழகிய கறை, அப்படியே மினுங்கியது. அப்பா அதற்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தினார். மாமியார் எதிரே வந்தார். ஒரு கையில் சந்தனக் கும்பா, இன்னொரு கையில் பெரிய பீங்கான் தட்டு.

"வாங்க சம்மந்தி. எதுக்குமிருக்கட்டுங்க" என்று, புடவையைச் செருகிக்கொண்டு தானே குனிந்து தட்டைக் காருக்கடியில் தள்ளினார். பந்தலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தை கதவோரம் குழந்தையோடு நின்றிருந்தது. சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தது.

அப்பா மடியில் குழந்தையை வைத்துப் பிடித்துக்கொண்டார். நகக்கண் எல்லாம் கருப்பு; எந்தச் சவுக்காரத்துக்கும் போகாத கருப்பு. இரண்டு காதிலும் ஊசி இறங்கி முடியும்வரை குழந்தை அழுததைவிட நான்தான் அதிகம் தவித்தேன். ஊசியைப் பார்த்து அல்ல, தட்டை நினைத்து. பந்தியில் உட்கார்ந்தவர்களைவிடக் காருக்கடியில் குனிந்தவர்கள் அதிகம். அவர்களில் நான் தலைசிறந்தவள். ஒரு சொட்டும் விழாவிட்டால் அப்பாவுக்கு மொட்டை போடுகிறேன் என்று பழனிமலை இருந்த திசை பார்த்து வேண்டிக்கொண்டேன். அப்பாவுக்கு ஏற்கெனவே முழு வழுக்கை. முருகன் அதைக் கண்டுகொள்ளாமல் ஒத்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து வெயில் சாய்ந்ததும் அப்பா காரை எடுத்து ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வாசலில் தட்டு மட்டும் தனியாகக் கிடந்தது. மாமியார் நடந்து போவதற்குள் அத்தை போய்விட்டது. தட்டை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தது. காற்றுக்கு வந்து விழுந்த தென்னம்பூ ஒன்று அதிலிருந்து உருண்டு விழுந்தது. வேறொன்றும் இல்லை.

மாமியார் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ஒரு சொட்டையுங் காணோமுங்களே" என்றார். தொலைந்த பொருளைத் தேடுகிற குரலாக இருந்தது.

"தட்டு சுத்தமாத்தானுங்க இருக்குது அத்தை" என்றது என் அத்தை, அந்த ஊர்ப் பேச்சிலேயே, நிதானமாக. "எங்கண்ணனுக்குத் தாம்பூலம் இதுலயே வெச்சுக் குடுத்துரலாமுங்களா?"

குழாயடியில் தட்டை ஒரு அலசு அலசி, வெற்றிலை பாக்கும் தேங்காயும் மலைவாழைச் சீப்பும் எடுத்து அதில் வைத்தது. தட்டின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை மாமியாரிடம் நீட்டியது. அவர் பிடித்தார். பிடித்துக்கொண்டு, அப்பாவின் கருத்த நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சீரு நெறஞ்சு போச்சுங்க சம்மந்தி" என்றார்.

அந்த மாமியாருக்கு உடன்பிறந்தது ஐந்தும் அக்கா தங்கைகள், சீர் கொண்டுவர அண்ணன் தம்பி இல்லை என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாசலிலும் அவருக்கென்று யாரும் தட்டெடுத்து வந்ததில்லை. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அத்தை பந்தலே அதிரச் சிரித்தது மட்டும்தான் தெரியும். அந்தச் சிரிப்பில் உள்ளே எதுவும் உடைந்திருக்கவில்லை. அப்பாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்; தட்டை வாங்கிக்கொண்டு அவரும் கூடச் சிரித்தார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் அதே புளியமரத்தடியில் அப்பா காரை ஓரங்கட்டினார். இறங்கி, முதலில் அடியில் குனிந்து பார்த்தார். பிறகு தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, என் வாயில் வைத்தார். தேனாக இனித்தது. கூடவே லேசாகக் கந்தகமும் பூண்டும் மணத்தது.